பொம்மைக்கு மூட்டுவலி

கோகிலவாணியின் அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்திருந்த பொம்மைக்கு மூட்டுவலி இருந்தது.

அப்படி ஒன்று இருக்கவே முடியாது. அதன் முழங்காலில் இருந்தது ஒரு மோட்டாரும் கொஞ்சம் கிரீஸும்தான். ஆனாலும், கட்டிலுக்கு அடியில் உருண்டு போன மாத்திரையை எடுக்கக் குனிந்த பொம்மை, எழுந்திருக்கும்போது ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, இயந்திரத்துக்கே உரிய அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலில் "அப்பாடா" என்றது. பிறகு மாத்திரை அட்டையை எட்டத்தில் பிடித்துப் படித்தது. சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, மூக்குக்கண்ணாடியைத் தேடித் தன் தகர நெஞ்சைத் தடவிப் பார்த்தது.

கோகிலவாணி இதையெல்லாம் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காங்கேயம் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர். பொம்மை மசோதா என்று பத்திரிகைகள் செல்லமாக அழைத்த மசோதாவின் தேர்வுக் குழுவுக்குத் தலைவர்.

"அப்பா, இதோட உள்ளாளுக்கு அறுபதுக்கு மேல இருக்கும்" என்றாள்.

"எழுபதைத் தாண்டியிருக்கும்னு நெனைக்கறேன்" என்றார் நாச்சிமுத்து, சாவகாசமாக. பிறகு பொம்மையைப் பார்த்து, "நீங்க சித்தெ உக்காருங்க. முட்டிய நீட்டிக்குங்க" என்றார்.

பொம்மை நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டது.

பொம்மை என்பது ஊர் வைத்த பெயர். அரசாணையில் அதற்கு மூச்சு வாங்கும் நீளத்தில் வேறு பெயர் உண்டு. பிள்ளைகளெல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் அக்கரைக்கும் போய்விட்டார்கள். மேற்கிலும் தெற்கிலும் தெருத்தெருவாக முதியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தானாக இயங்கும் இயந்திரங்களைத்தான் அரசு முதலில் வாங்கியது. அவற்றுக்கு மாடிப்படி ஏறத் தெரிந்தது, மனுஷர் முகம் சுளிப்பது ஏன் என்று மட்டும் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு மனிதரைக் கொடுத்தார்கள். அவர் எங்கோ தன் வீட்டில் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கையைத் தூக்கினால் இங்கே பொம்மை கையைத் தூக்கும். பாரம் சுமப்பது மோட்டார், பதம் பார்ப்பது மனிதர். அவரைத்தான் உள்ளாள் என்றார்கள்.

உள்ளாள் யார், எந்த ஊர், என்ன வயது என்று யாருக்கும் சொல்லக்கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்ததே கோகிலவாணிதான். பொம்மை வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் கேட்பதற்கு முன்னால், "உள்ளாள் என்ன ஆளுங்க?" என்று நம் ஜனங்கள் விசாரிக்க ஆரம்பித்ததால் வந்த விதி. குரலையும் அதனால்தான் ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் ஓர் ஊரில் ஒரு பொம்மை, தூக்கிய மூதாட்டியைக் கை நழுவிக் கீழே போட்டுவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளாளுக்கு எழுபத்திரண்டு வயது என்று செய்தி கசிந்ததும் மாநிலமே கொதித்தது. கிழவியைக் கிழவி தூக்குவதா என்று டிவியில் ஒரு வாரம் விவாதம் செய்தார்கள். அதன் விளைவாக வந்ததுதான் மசோதாவின் ஒன்பதாவது பிரிவு: ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட யாரும் உள்ளாளாக இருக்கக்கூடாது. எழுதியவள் கோகிலவாணி.

"இந்தச் சட்டம் வரட்டும்ப்பா. உங்களுக்கு நல்ல, துடிப்பான ஆளா வருவாங்க" என்றாள்.

நாச்சிமுத்து பேப்பரைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டார். வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு வரச் சொல்லி அவள் மூன்று வருஷமாகக் கெஞ்சுகிறாள். "எம்பத்தொரு வயசுக்கு மேல பாக்கறதுக்கு என்ன மிச்சம் கெடக்குது?" என்பதே அவர் வாதம். அரசு பஸ்ஸில் முப்பத்தைந்து வருஷம் கண்டக்டராக இருந்தவர். சில்லறையைத் தவிர வேறெதையும் அவரிடமிருந்து வாங்க முடியாது.

சுவர்க் கடிகாரம் பத்தைக் காட்டியது. அவர் எழுந்தார். "நான் படுக்கப் போறேன் கண்ணு."

"இப்பத்தானே பலகாரம் சாப்பிட்டீங்க."

"அசதியா இருக்குது."

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. அவளுடைய கவலை இதுதான். கொஞ்ச நாளாகவே தினமும் இதே கதை. பத்து மணிக்குக் கதவைச் சாத்தினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திறக்கிறார். காலையிலேயே இப்படித் தூங்குவது நல்லதற்கில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சென்னையில் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்து வைத்திருந்தாள். மசோதா நிறைவேறியதும் அப்பாவைக் கையோடு அழைத்துப் போவதாகத் திட்டம். அதை அவரிடம் சொல்லும் தைரியம்தான் இன்னும் வரவில்லை.

ஒன்பதாம் பிரிவை முதலில் எதிர்த்தவர் அமலதாஸ். எதிர்க்கட்சிக்காரர், தென்கோடிக் கடற்கரைத் தொகுதி. குழுக் கூட்டத்தில் அவர் கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அக்கா, உங்க பக்கம் ஃபேக்டரி இருக்கு. ஐம்பது வயசுல நாலு பேராவது ஊர்ல இருப்பாங்க. எங்க ஊர்ல பயலுவ பாதி கப்பல்ல, பாதி கல்ஃப்ல. பொம்மையை ஓட்டுதது யாருன்னு நினைக்கீய?"

"அதுக்காக முடியாதவங்களை முடியாதவங்களே பார்த்துக்கணுமா?"

"வந்து பாருங்க. ஒரே ஒரு தரம். அப்புறம் உங்க இஷ்டப்படி ஓட்டுப் போடுங்க. மீன் குழம்பு நம்ம செலவு."

மீன் குழம்புக்காக இல்லாவிட்டாலும், பார்க்காமல் சட்டம் போட்டவள் என்ற பெயர் வேண்டாம் என்று அவள் கிளம்பினாள். கூடவே துறையின் இணைச் செயலர் ஷகிலா பானு. ஷகிலா அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்குப் பிறகு மற்றவர்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது.

மணப்பாட்டில் அவர்கள் போன வீடு பிலோமினாவுடையது. எழுபத்தொன்பது வயது. இரண்டு காலும் நடக்க ஒத்துழைக்காது, வாய் மட்டும் நாலு பேருக்கு ஈடாக உழைக்கும். மகன் சரக்குக் கப்பலில் இருந்தான்.

"வாங்க, இருங்க. சட்டம் போடுத அம்மா நீங்கதானா? டிவில பாக்கும்போது ஒல்லியாத் தெரிஞ்சீய" என்று வரவேற்றாள்.

கோகிலவாணி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "உங்க பொம்மை எப்படிம்மா இருக்கு?"

"பொம்மைக்கு என்ன, அது கெடக்கு. உள்ளாளைக் கேளுங்க. முந்தி ஒரு சின்ன வயசு ஆளு இருந்தாவ போல. நல்ல ஆளுதான். ஆனா என்னைத் தூக்குதப்ப அரிசி மூட்டையத் தூக்குத மாதிரி ஒரே வெடுக்கு. இப்ப இருக்கவுக அப்படி இல்ல. எங்க வலிக்கும்னு தெரிஞ்சு தூக்குதாவ. தெனம் எங்கூடச் சண்டையும் போடுவாவ."

"சண்டையா?"

"ஆமா. உப்பு கூடன்னா கொறச்சலும்பாவ. எம்மவனுக்கு எங்கூடச் சண்டை போட நேரமில்ல தாயி. இவுகளுக்கு இருக்கு."

அப்போது அடுக்களையிலிருந்து டீத் தட்டோடு பொம்மை வந்தது. அந்த வீட்டு வாசல் நிலைகள் தாழ்வானவை. தலை இடிக்காமல் இருக்க அது குனிந்து, முதுகைக் காட்டியபடி மெல்ல மெல்ல ரிவர்ஸில் வந்தது. வரும்போதே தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

"ரைட்... ரைட்... வரட்டும்... வரட்டும்... ஹோல்டான்."

அமலதாஸ் வாய்விட்டுச் சிரித்தார். கோகிலவாணியும் சிரித்தாள்.

பொம்மை திரும்பியது. விருந்தாளிகளைப் பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது.

"என்ன நின்னுட்டீய? கரண்டு போச்சா?" என்றாள் பிலோமினா. "அந்த மாத்திரைய முதல்ல குடுங்க. பதினோரு மணி ஆச்சு."

பொம்மை தட்டை வைத்தது. அலமாரியிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து, நீளவாக்கில் மடித்து, இடது கை விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டது. வேண்டிய அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தது. பிறகு வலது கை ஆட்காட்டி விரலை, வாய் இருக்கவேண்டிய இடத்தில், ஒன்றுமில்லாத தகரத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டு, சரக்கென்று ஒரு மாத்திரையைக் கிழித்தது.

கோகிலவாணியின் சிரிப்பு நின்றது.

விரலில் எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கும் அந்தக் கையை அவளுக்குத் தெரியும். விரல்களுக்கு இடையில் மடித்துச் செருகிய நோட்டுகளைத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் தாராபுரம் பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, வீடு வரும்வரை அதைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவாள். மணி இப்போது பதினொன்று. காங்கேயத்தில் உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும்.

பொம்மை எல்லோருக்கும் டீ கொடுத்தது. அவள் ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை இல்லை. இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. அமலதாஸ் தன் டம்ளரைக் குடித்துவிட்டு, "பாயசம் மாதிரி இருக்கே" என்றார்.

தனக்குச் சர்க்கரை ஆகாது என்று அந்த வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அழுதால் ஷகிலா பார்ப்பார், கேட்பார். உள்ளாள் யாரென்று வெளியே தெரிந்தால் அந்த நிமிஷமே வேலை போய்விடும். விதி அப்படி. அவளே எழுதிய விதி. ஆகவே டம்ளரைக் கீழே வைக்காமல், குரலைச் சரிசெய்துகொண்டு, ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேட்கவேண்டிய கேள்வியைப் பொம்மையிடம் கேட்டாள்.

"இந்த வேலை உங்களுக்குக் கஷ்டமா இல்லைங்களா? வேண்டாம்னு இருந்துரலாமே."

பொம்மை தட்டை எடுத்துக்கொண்டது. பிறகு அதே சமமான குரலில் சொன்னது.

"ஏறினவங்களைப் பாதி வழியில இறக்கிவிட்டுப் பழக்கமில்லை."

திரும்பும்போது காரில் அவளும் ஷகிலாவும் மட்டும். திருநெல்வேலி நெருங்கும்போது அவள் கேட்டாள். "ஷகிலா, அந்த விபத்துல உண்மையா என்ன நடந்துச்சு?"

"உள்ளாளா இருந்த அந்தம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. அது எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு மேடம். அன்னைக்கு விடிஞ்சதுலேர்ந்து அவங்க ஆறு வீட்டைப் பார்த்திருந்தாங்க. அது எதுலயும் வரலை. ஆள் பற்றாக்குறை. இன்னும் ஒரு வீடு, இன்னும் ஒரு வீடுன்னு உள்ளாளுக்கு வேலை ஒதுக்குற சங்கத்துல கொடுத்துட்டே இருந்திருக்காங்க. இருபத்தஞ்சு வயசுக்காரங்களா இருந்தாலும் கை நழுவியிருக்கும்."

"இதை ஏன் குழுவில சொல்லலை?"

"வயசு வரம்பு வேணுமான்னு கேட்டீங்க. ஏன் விழுந்தாங்கன்னு யாரும் கேட்கலை மேடம்."

கோகிலவாணி வெளியே பார்த்தாள். அப்பாவுக்காகச் சட்டத்தை வளைக்கப்போகிறோமா என்று மனசு குடைந்தது. ஆமாம், கொஞ்சம் அப்பாவுக்காகவும்தான். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அட்டையை மூக்கில் ஒட்டிக்கொண்டு படித்ததும் அதே அப்பாதான். ஒருநாள் மாத்திரை மாறிப் போனால் பிலோமினாவின் கதி? வயது வரம்பை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அதற்குப் பதிலாக வைக்கவேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை வைத்தால் முதலில் மாட்டுபவர் யார் என்பதும் தெரிந்தது. வீடு வரும்வரை அந்த நினைப்பு அவளை விடவில்லை.

பேரவையில் தான் எழுதிய ஒன்பதாம் பிரிவைத் தானே விலக்கிக்கொள்வதாக அவள் அறிவித்தபோது, சொந்தக் கட்சிக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். புதிய பிரிவு எளிமையானது. எந்த உள்ளாளும் ஒரு நாளில் இரண்டு வீட்டுக்கு மேல் பார்க்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணும் கையும் சோதிக்கப்படும். தேறாதவர், அவருக்கு இருபது வயதானாலும் எண்பது வயதானாலும், கையுறையைக் கழற்றவேண்டும்.

"உறுப்பினரின் திடீர் மனமாற்றத்துக்குக் காரணம் என்னவோ?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கிண்டலாகக் கேட்டார்.

"இதில் எனக்குச் சொந்த அக்கறை இருக்கிறது. என் வீட்டிலும் ஒரு முதியவர் இருக்கிறார்" என்றாள் அவள். "நாமெல்லாம் ஊரை அவர்களிடமே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதையும் செய்யாதே என்று சொல்வதற்கு நாம் யார்? ஒழுங்காகச் செய் என்று சொல்ல மட்டும் நமக்கு உரிமை உண்டு."

அமலதாஸ் மேசையைத் தட்டினார். மசோதா நிறைவேறியது.

வார இறுதியில் அவள் காங்கேயம் போனபோது, நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மஞ்சப்பையோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"கோயமுத்தூருக்கு. அந்தப் புரைய எடுத்துரலாமா கண்ணு?"

மூன்று வருஷக் கெஞ்சலை நினைத்துக்கொண்டாள். "என்ன திடீர்னு?"

"பேப்பர் படிக்கச் செரமமா இருக்குது."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "ஒரு வாரத்துக்குக் கண்ணுக்கு வேலை குடுக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்களாட்ட இருக்குது. லீவு சொல்லோணும்."

"யாருகிட்டங்கப்பா?"

"பேப்பர் போடறவன்கிட்ட."

கோயமுத்தூரில் அடுத்த வாரத்துக்குத் தேதி கொடுத்தார்கள். அன்று அவள் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்றாள். அடுத்து ஷகிலாவைக் கூப்பிட்டு, மணப்பாட்டு வீட்டுக்கு ஒரு வாரம் மாற்றாள் கிடைக்குமா என்று பொதுவாக விசாரிப்பதுபோல் கேட்டாள்.

"தெற்குல மாற்றாளே இல்லை மேடம். இப்ப ரெண்டு வீட்டுக் கணக்கும் வந்துருச்சு. ஒரு வாரம் அவங்க பக்கத்து வீட்டைத்தான் நம்பணும்." பிறகு ஷகிலா சேர்த்துக்கொண்டார். "நல்ல கண்ணும் கையும் இருக்கிற, பேரவை நடக்காததால சும்மா இருக்கிற யாராவது இருந்தாச் சொல்லுங்க. ரெண்டு நாள் பயிற்சி. அப்புறம் சோதனை."

ஷகிலாவுக்கு எவ்வளவு தெரியும் என்று கோகிலவாணி கேட்டுக்கொள்ளவில்லை.

தான் எழுதிய சோதனையில் அவள் முதல் தடவை தோற்றாள். ஐம்பத்து மூன்று வயது, நல்ல பார்வை. ஆனாலும் பொம்மைக் கையால் தூக்கச் சொன்ன டம்ளரை நொறுக்கிவிட்டாள், முட்டை போன வழி தெரியவில்லை. இரண்டாவது தடவை தட்டுத்தடுமாறித் தேறினாள்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை பத்து மணி. நாச்சிமுத்து கண்ணில் கட்டோடு, மறு கண்ணையும் மூடிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். அவருடைய பொம்மை அவருக்கு இளநீர் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தது.

"அப்பா, எனக்கு ஒரு மீட்டிங் இருக்குதுங்க. இங்கயே உக்காந்து பேசறேன், சத்தம் வந்தாக் கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கோகிலவாணி கண்ணாடியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டாள்.

மணப்பாட்டு வீடு கண்முன் விரிந்தது. கட்டிலில் பிலோமினா. ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"நீங்க வேற ஆளு" என்றாள்.

"ஆமாங்க. ஒரு வாரத்துக்குத்தான்."

"பழைய ஆளு வருவாவளா?"

"சோதனை இருக்கு. தேறினா வருவாங்க."

"தேறிருவாவ. அவுக விடமாட்டாவ" என்றாள் பிலோமினா. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம் டீயப் போடுங்க. சர்க்கரை தாராளமா இருக்கட்டும்" என்றாள்.

டீ போட்டாயிற்று. தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தவள், நேராக வந்து தலையை நங்கென்று நிலையில் இடித்துக்கொண்டாள். டீ தளும்பியது.

"அவுக பின்னாலதான் வருவாவ. ரைட் ரைட்டுன்னு சொல்லிக்கிட்டே" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

கோகிலவாணி திரும்பினாள், குனிந்தாள். வெட்கமாக இருந்தாலும், காங்கேயத்து அறையில் வாய்விட்டே சொன்னாள்.

"ரைட்... ரைட்... வரட்டும்..."

பக்கத்துக் கட்டிலில் அசைவு கேட்டது. கண் கட்டோடு படுத்திருந்த நாச்சிமுத்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஹோல்டான். லெஃப்ட்ல ஒரு முக்காலி கெடக்கும், பாத்து வா கண்ணு."